சொரசொரப்புக்கு எங்க அப்பா

வண்டிப்பெரியார்,
ஆடி மாதம், மழை விடுமுறை நாள்.

கம்பத்தில் பலசரக்குக் கடை நடத்திவரும் மச்சான் பெரியமுத்து அவர்களின் சமூகத்துக்கும், குருவம்மாள் அக்காவுக்கும், எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து முனீஸ்வரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் அக்கா அடுத்த பஸ்ஸில் குமுளிக்கு ஏறிவிடுவார்கள். ஆகவே இங்கு மழை என்று எழுதுகிறேன். அங்கு கடையும், அக்காவின் மூட்டுவலியும், மாடியில் வளர்க்கும் புறாக்களும் எப்படி என்று அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மச்சான் நினைக்கலாம். மழை பிடித்தால் லயத்தில் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நீங்கள் போனில் ஒரு அதட்டுப் போட்டதும் நான் "சரி மச்சான்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன், எதற்குச் சரி சொன்னேன் என்பது வைத்த பிறகுதான் யோசனைக்கு வருகிறது. காகிதம் அதட்டாது. அதோடு போனில் பேசினால் பாப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். எழுதினால் பயமில்லை, அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. அங்கன்வாடியில் கற்றுக்கொடுக்கவும் இல்லை. வேறு என்னவோ கற்றுக்கொடுத்தார்கள். என் சனி அங்கேதான் ஆரம்பித்தது.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ராமலட்சுமியின் வருஷத் திதி அன்று, இலை எடுத்த பிறகு, நீங்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பொம்பளப் புள்ளைய ஒத்த ஆம்பள வளத்தெடுக்க முடியாதுடா முனீசு. எங்களுக்கும் பிள்ள இல்ல. எந்தங்கச்சி பிள்ள எங்கிட்ட வளரட்டும். ஆடிக்குள்ள ஒரு பதிலச் சொல்லு" என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். "எம்பிள்ளைய எனக்கு வளக்கத் தெரியும்" என்று வீராப்பாகப் பேசினேன். ஆடி பிறந்துவிட்டது. பதில் இதுதான் மச்சான்: எனக்குத் தெரியவில்லை. பாப்பா மௌனிகாவை வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

ஏன் என்று அக்கா கேட்பார்கள். சொல்கிறேன். எங்கள் அங்கன்வாடிக்கு இந்த ஜூனில் ஜோமோள் டீச்சர் என்று புதிதாக ஒருவர் வந்தார். கோட்டயம் பக்கத்துப் பெண், தங்கமான மனுஷி, குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் எங்கேயோ ட்ரெய்னிங் போய்வந்திருக்கிறார். பழைய டீச்சர் இருந்தபோது பிள்ளைகள் காலையில் அ, ஆ சொல்லும், மத்தியானம் உப்புமா சாப்பிடும், தூங்கும், வீட்டுக்கு வரும். இவர் வந்ததும் சிலேட்டுகளை எல்லாம் அலமாரியில் தூக்கி வைத்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில், "குஞ்ஞுக விரலு முதல்ல படிக்கட்டும். தொட்டுப் பாத்து சொரசொரப்பு, வழவழப்பு அறியணும். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு எப்படி வருதுன்னு கண்ணு அறியணும். எழுத்து பின்னே தானே வரும்" என்றார். நாங்கள் தலையாட்டினோம். கூட்டத்தில் டீ கொடுத்தார்கள், தலையாட்டாமல் என்ன செய்வது.

முதல் வாரம் இலை அச்சு. இலையில் சாயம் பூசித் தாளில் அழுத்தினால் நரம்பெல்லாம் கோலம்போல விழுமாம், ஆளுக்கொரு பை இலை கொண்டுவரச் சொன்னார். மச்சான், எங்கள் சனத்திடம் இலை என்று சொன்னால் கை எங்கே போகும்? ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தளதளவென்று தேயிலைக் கொழுந்து பறித்துக் கொடுத்துவிட்டோம். நான் மட்டுமில்லை, லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாருமே. முத்தல் இலையில் கைவைத்தால் கங்காணி தாயைத் திட்டுவான் என்று பிறந்தது முதல் பழகியவர்கள் நாங்கள், பிள்ளை படிப்புக்குப் போய் முத்தலைக் கொடுப்போமா? டீச்சர் பைகளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ சேட்டா, இது தளிரு. அழுத்தினா நசுங்கிப் போகும், ஒண்ணும் பதியாது. மூத்த இல வேணும், மூத்த இலயிலதான் நரம்பு தெரியும்." சரி, நாளைக்கு முத்தல் கொண்டுவருகிறோம் என்று திரும்புவதற்குள் எஸ்டேட் வாச்சர் ஜின்சன் குடையோடு வாசலில் நிற்கிறான். அங்கன்வாடித் தரையில் கொழுந்து மலைபோல் குவிந்து கிடக்கிறது. "எந்தா முனீஸே, இங்க வேற ஃபேக்டரி தொடங்கியாச்சா?" என்றான். பச்சை இலையைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோனால் திருட்டு, அது சட்டம். கூடையில் அள்ளி ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். ஃபீல்டு ஆபீசர் முன்னால் நானும் இன்னும் சில அப்பன்மாரும் கைகட்டி நின்று, "பிள்ளைக படம் வரையறதுக்குங்க சார்" என்றோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயசில் கொழுந்து திருடினேன் என்று பெயர் வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு கௌரவம் இருந்திருக்கும். படம் வரைந்தேன் என்று பெயர் வாங்கிவிட்டேன். இப்போது செடி வெட்டிவிடும் கவாத்துக் காட்டில் என் பட்டப்பெயர் ஆர்ட்டிஸ்ட்.

அடுத்து தேய்ப்புப் படம். எதன் மேலாவது தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால், அடியில் இருக்கும் மேடுபள்ளம் எல்லாம் தாளில் ஏறிவிடும். டீச்சர் ஒரு முறத்தின் மேல் வைத்துத் தேய்த்துக் காட்டியிருக்கிறார். அன்று பாப்பாவைப் பிடித்தது பேய். அரிவாள்மணை, தகரக் கதவு, கேஸ் சிலிண்டர், ஃபீல்டு ஆபீசர் பைக்கின் நம்பர் பிளேட்டு, எதையும் அவள் விடவில்லை. பக்கத்து வீட்டு மருதாத்தாள் அக்கா உங்களுக்குத் தெரியும், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து இங்கே வந்தவர், நான் வேலைக்குப் போனால் பாப்பாவை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் மத்தியானம் காலை நீட்டித் தூங்கும்போது, குதிகால் வெடிப்பின் மேல் தாளை வைத்து இவள் தேய்த்திருக்கிறாள். மழைக்காலம் மச்சான், இங்கே காலில் ஏதாவது ஊர்ந்தால் அது அட்டைதான் என்று தூக்கத்திலும் தெரியும். அவர் அலறி எழுந்து, அடுக்களைக்கு ஓடி, உப்புச் சட்டியை அப்படியே காலில் கவிழ்த்துவிட்டார். வெடிப்புக்குள் உப்பு. லயம் முழுக்கக் கூடிவிட்டது. சாயங்காலம் நான் வந்ததும், "ஏனுங்க முனீசு, உங்க புள்ள என்ற காலப் படம் புடிச்சுப்போட்டாளுங்க. என்ற கல்யாணத்துக்குக்கூட ஒருத்தரும் என்னையப் படம் புடிக்கலீங்க" என்று அழுதார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு வந்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. பாட்டர்ன் என்று பெயர். சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான், சிவப்பு, பச்சை, அடுத்து என்ன வரும்? அவ்வளவுதான் பாடம். ஆனால் என் பிள்ளை எதையும் பாதியில் விடுகிற ரகமில்லை, பேருதான் மௌனிகா, விடிந்தால் அடைந்தால் "அடுத்து என்ன வரும்ப்பா?" என்ற ஒரே கேள்வி. தோசை பெரிது, சின்னது, பெரிது, சின்னது என்று வார்க்காவிட்டால் சாப்பிட மாட்டாள். ஒருநாள் விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து, லயத்து வாசல்களில் கிடந்த செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் அள்ளிவந்து பெரிது, சின்னது, பெரிது, சின்னது என்று வரிசை கட்டிவிட்டாள். ஜோடி பிரிந்துபோய்விட்டது. காலை மஸ்டருக்கு ஆள் எடுக்கும் நேரத்தில், ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஹவாய் செருப்புமாக எங்கள் லயமே நொண்டிக்கொண்டு போய் நின்றது. சூப்பர்வைசர் லேட் போட்டுவிட்டார். அன்று எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொட மாட்டார்.

அக்கா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த வெல்வெட் கவுன் ஞாபகம் இருக்கிறதா? நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து மெத்தென்று ஒன்றும், சொரசொரப்பாக ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மெத்தென்று இருப்பதற்குக் கவுனின் நெஞ்சில் ஒரு சதுரம் வெட்டிக்கொண்டு போய்விட்டாள். சொரசொரப்புக்கு எதையும் கொண்டுபோகவில்லை. டீச்சர் கேட்டதற்கு, "சொரசொரப்புக்கு எங்க அப்பா வருவாரு" என்று சொல்லியிருக்கிறாள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஏதோ விபரீதம் என்று கவாத்துக் கத்தியோடு ஓடினேன். போனால், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்து, பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தன. ஷேவ் செய்து நாலு நாள், ஆகவே கன்னத்தையும் தடவின. டின்டு என்ற பொடியன், "இது மரமா டீச்சர்?" என்று கேட்டான். ஜினோ என்று ஒன்று பயந்து அழுதது. என் மகள் பக்கத்தில் கங்காணி மாதிரி நின்றுகொண்டு, "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க, எங்கப்பா எங்கயும் போக மாட்டாரு" என்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். மற்ற அப்பன்மார் தேங்காய்ச் சிரட்டையும் உப்புத்தாளும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நான் என்னையே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற கதைதான், நீங்களும் சிரிப்பீர்கள். இனி எழுதுவதற்குச் சிரிப்பு வராது. போன வாரம் நான் மேல் காட்டில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கன்வாடி விட்டு வந்த பாப்பாவை மருதாத்தாள் அக்கா வாசலில் உட்காரவைத்துவிட்டு, அடுப்புக்கு மேல் ஈரத்துணி கட்ட உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் பிள்ளையைக் காணோம். எஸ்டேட் ரோட்டோரத்தில் டூரிஸ்டுகள் பார்ப்பதற்கென்று கல் நட்டு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று சாயம் அடித்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். வெள்ளைக்கு அப்புறம் சிவப்பு, சிவப்புக்கு அப்புறம் வெள்ளை, அடுத்தது அடுத்தது என்று, வளைவெல்லாம் தாண்டி, கீழே லாரியும் பஸ்ஸும் பறக்கிற மெயின் ரோடு வரைக்கும். எனக்கு ஆள் வந்து சொன்னபோது கத்தியைப் போட்ட இடம் தெரியவில்லை. ஓடின ஓட்டத்தில் எத்தனை இடத்தில் விழுந்தேன் என்றும் தெரியவில்லை. ராமலட்சுமியைக் காய்ச்சலோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கின அதே ரோடு. அன்றைக்கு வேண்டின சாமிகளை எல்லாம் மறுபடி வேண்டினேன். அன்றைக்குக் கேட்காத சாமிகள்தான், வேறு சாமி எனக்குத் தெரியாது.

மெயின் ரோட்டுக்குக் கொஞ்சம் மேலே மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு கல் மழைக்குச் சரிந்து ஓடையில் விழுந்து போன வருஷமே காணாமல் போயிருக்கிறது. யாரும் திரும்ப வைக்கவில்லை. "அடுத்து வெள்ளை வரணும்ப்பா, வரலை. அதான் உக்காந்துட்டேன்" என்றாள். இந்த எஸ்டேட்டில் ஒழுகுகிற கூரைக்குத் தகரம் கேட்டால் அடுத்த பட்ஜெட் என்பார்கள், கக்கூஸ் கதவு கேட்டால் மேலிடத்து உத்தரவு என்பார்கள், நான் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். இவர்கள் ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து அந்தக் கல்லைத் திரும்ப நட்டிருந்தால் என் பிள்ளை லாரிக்கு அடியில் போயிருக்கும். செய்யாமல் விட்டதற்காகக் கம்பெனிக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன் மச்சான்.

அவளை அடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அடித்ததில்லை, அன்றைக்கு ரோட்டில் வைத்து அடித்தேன். அவள் அழவில்லை. அடித்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொரசொரன்னு இருக்குப்பா" என்றாள். வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். வழி நெடுக நான்தான் அழுதேன். அன்றைக்குத்தான் உங்கள் பேச்சு சரி என்று எனக்கு உறைத்தது. காட்டில் கத்தி பிடிக்கிறவன் கையில் பிள்ளையும் இருக்க முடியாது. உங்கள் வீட்டில் கேட் இருக்கிறது, அக்கா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள், கடைத்தெருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே முதல் நாளே ஏ, பி, சி எழுதவைத்துவிடுவார்கள், அடுத்து என்ன வரும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அச்சடித்த புத்தகத்திலேயே இருக்கும்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையின் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வாருங்கள். குமுளி மலையில் மண் சரிகிறது என்கிறார்கள், பார்த்து வாருங்கள். லயத்து வாசலில் இறங்கும்போது படியைப் பார்த்து மிதிக்க வேண்டும். கம்பெனி கட்டித் தராது என்று நானே கலவை போட்ட படி அது. காய்வதற்குள் ராமலட்சுமி மிதித்துவிட்டாள், அவளுக்கு எதிலும் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா. அன்று அவளோடு போட்ட சண்டையில் சோறு இறங்கவில்லை. அந்தக் கால்குழியில் இப்போது மழைத் தண்ணீர் தேங்கி, கொசு முட்டையிடுகிறது என்று சுகாதாரம் பார்க்க வரும் ஆஷா அக்கா வந்து திட்டிவிட்டுப் போனார். டெங்கு வந்தால் நான்தான் பொறுப்பாம். நாளைக்கு டவுனுக்குப் போய்க் கொஞ்சம் சிமெண்டு வாங்கி வந்து அடைத்துவிடுகிறேன், நீங்கள் வரும்போது படி சமமாக இருக்கும்.

பாப்பாவைப் பற்றி அக்கா தெரிந்துகொள்ள வேண்டியவை: மிக்ஸி சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், கூப்பிட்டால் வர மாட்டாள், நாமும் உள்ளே போய்ப் படுத்தால் வருவாள். தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் காதுமடலைப் பிடித்துக்கொள்வாள், எடுத்துவிடக் கூடாது. தலை பின்னும்போது எனக்கு இன்னும் கோணல் மாணலாகத்தான் வருகிறது, அக்கா நேராகப் பின்னிவிட்டால் பழக்கமில்லாமல் முரண்டு பிடிப்பாள். தோசை விஷயம் மேலே எழுதியிருக்கிறேன். இது நிபந்தனை இல்லை, தகவல்தான். இன்று ரெட் அலர்ட் என்று கலெக்டர் லீவு விட்டுவிட்டார், நேற்று ராத்திரி டவர் இருந்தபோதே டீச்சர் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பியிருக்கிறார். வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒன்றைத் தேய்ப்புப் படம் எடுத்துவர வேண்டுமாம். இந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது, ஒழுகலைத் தவிர? தாளும் தீர்ந்துவிட்டது. நான் எழுதிக்கொண்டிருக்கும் தாளையே அவள் கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டாள், தாய்மாமனுக்கு எழுதுகிறேன் என்று விரட்டிவிட்டேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். மழை பெய்கிறது என்று எழுதுகிறேன் என்றேன்.

நம் கருப்பசாமி உங்கள் கல்லாப்பெட்டியையும் அக்காவின் முட்டியையும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றட்டும். புறாக்களை விசாரித்ததாகச் சொல்லவும். மற்றவை நேரில். நேரில் எனக்குப் பேச்சு வராது, ஆகவே மற்றவையும் இதிலேயே அடக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
மு. முனீஸ்வரன்

பின்குறிப்பு: மச்சான், இது மறுநாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வேறு தாள் இல்லை.

இன்று அதிசயமாக வெயில் அடித்தது. கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு, கவரும் ஸ்டாம்பும் சிமெண்டும் வாங்க டவுனுக்குப் போனேன். தோளில் சிமெண்டுப் பையோடு திரும்பினால், பாப்பா வாசல்படியில் குப்புறக் கிடக்கிறாள். மருதாத்தாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என் துண்டை எடுத்துக் குழித் தண்ணீரை ஒற்றி எடுத்து, விசிறி வைத்துக் காயவைத்து, இந்தக் கடிதத்தின் முதல் தாளைத் திருப்பிப் போட்டுப் பச்சைக் கிரேயானால் தேய்த்திருக்கிறாள். நீங்களே திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் சிமெண்டின் சொரசொரப்பு பச்சையாக ஏறி, நடுவில் வெள்ளையாக ஒரு கால் நிற்கிறது. விரல்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

"யாரு காலுன்னு கேட்டாளுங்க, சொல்லிப்போட்டேனுங்க" என்றார் மருதாத்தாள் அக்கா. நான் அவளிடம் சொன்னதே இல்லை மச்சான். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், தண்ணீர் தேங்குகிறது என்றுதான் நினைத்தேன். பாப்பா தன் காலை அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, "அம்மாக்கும் சுண்டுவெரலு உள்ள மடங்கிருக்குப்பா, எனக்கு மாதிரியே" என்றாள். அது உங்கள் குடும்பத்து விரல். உங்கள் காலிலும் பார்த்திருக்கிறேன்.

பிறகு இரண்டாம் தாளைக் கொடுத்துத் தன் உள்ளங்காலைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். கூச்சத்தில் நெளிந்ததால் கோடு அங்கங்கே ஓடியிருக்கும், மன்னிக்கவும். இரண்டையும் படியில் வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பெரிய காலு, சின்ன காலு. அடுத்து என்ன வரும்ப்பா?"

பெரிய கால்தான் வர வேண்டும், வேறு என்ன வரும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் தாளில் இருப்பது நான். குதிகால் தாளுக்குள் அடங்கவில்லை. ஆனால் வெடிப்பு ஒன்றுவிடாமல் விழுந்திருக்கிறது. மூத்த இலையில்தான் பதியும் என்று டீச்சர் சொன்னது சரிதான்.

ஆகவே வேன் வேண்டாம். பிள்ளையை அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொண்டே பஸ்ஸில் வாருங்கள், அக்காவையும் கூட்டி வாருங்கள், பாப்பாவுக்குக் காதுகுத்து இந்த லயத்து வாசலில்தான், தாய்மாமன் மடி இல்லாமல் நடக்காது. இன்று சாயங்காலம் போய்க் கேட்டேன், நான் காட்டிலிருக்கும் நேரத்தில் பாப்பாவை அங்கன்வாடியிலேயே வைத்துக்கொள்வதாக ஜோமோள் டீச்சர் சொல்லிவிட்டார். கேட்க எனக்குத்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை. சிமெண்டை மருதாத்தாள் அக்காவின் அடுப்புத் திட்டுக்குக் கொடுத்துவிட்டேன். குழித் தண்ணீரைத் தினமும் நானே துடைத்துவிடுகிறேன், கொசு வேறு இடம் பார்க்கட்டும்.

மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அக்காவுக்குக் காட்டுங்கள். பார்த்த பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் திருப்பி அனுப்பவும், டீச்சரிடம் காட்ட வேண்டுமாம். முதல் தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மச்சான். எங்களுக்குப் படி இருக்கிறது.